சிவப்புப் பக்கத்தில் ஒரு பில்லை

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கம்பெனி கேட்டில் என் பையைக் கொட்டிச் சோதனை போட்டவர் என்னைப் பெற்ற அப்பாதான். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். அதிலிருந்த எலுமிச்சை சாதத்தைக் காலையில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். "அடியில இன்னா கீது?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் இறால் உரிக்கும் பெண்கள் வரிசையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "உருளைக்கிழங்கு, சார்" என்றேன், அந்த 'சாரை' நன்றாக அழுத்தி. அவர் மூடியை ஒழுங்காக மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்து" என்றார். அன்று சாயங்காலம் வீட்டில் நான் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது உறைத்த மாதிரியே தெரியவில்லை. எனக்குப் பிடிக்குமென்று வஞ்சிரம் வாங்கிவந்து அடுப்படியில் நின்று வறுத்துக்கொண்டிருந்தார்.

அப்பா ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று வந்து சில மாதம் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா என்றால், அம்மாவின் மசாலா டப்பாக்களை உயர வரிசைப்படி நிறுத்துவது, மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளையடிப்பது, காய்கறிக்காரரை நேரம் தவறி வந்ததற்காகக் கேள்வி கேட்பது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரே பேஜாரா கீது. எங்கியாச்சும் வேலைக்குப் போங்க, இல்லாங்காட்டி நான் போறேன்" என்றாள். அப்படித்தான் அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இறால் பதப்படுத்தும் கம்பெனிக்கு செக்யூரிட்டி ஆபீசராகப் போனார். அடுத்த வருஷம் அதே கம்பெனியின் லேபில் எனக்கும் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு நிம்மதி. அவர் எல்லையில் இருந்த காலமெல்லாம் டிவியில் நியூஸ் போட்டாலே எழுந்து போய்விடுகிறவள் அவள். "அப்பாடா, கும்மிடிப்பூண்டியில இன்னா குண்டா போடப்போறான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

கேட்டில் அப்பா ஒரு பலகை செய்து மாட்டினார். பாதி சிவப்பு, பாதி பச்சை. ஆளுக்கொரு அலுமினியப் பில்லை, அதில் அவரவர் நம்பர். உள்ளே வந்தால் உன் பில்லையைச் சிவப்புப் பக்கத்துக்கு மாற்று, வெளியே போனால் பச்சைப் பக்கத்துக்கு மாற்று. அவ்வளவுதான். போன் எல்லாம் கேட்டிலேயே பூட்டு போட்ட அலமாரியில் போய்விடும். உணவு சம்பந்தப்பட்ட கம்பெனி என்பதால் போன் கூடாது என்பது முன்பே இருந்த விதிதான். ஆனால் அப்பா வருவதற்கு முன்பு அது சுவரில் மட்டும் இருந்தது. இடைவேளையில் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன், ஐந்து நிமிஷம் வீட்டுக்குப் பேசிவிட்டு வருகிறேன் என்று யார் வந்து நின்றாலும் ஒரே பதில்தான். "ரூல்னா ரூல்." எனக்குக்கூட மாதவிலக்கு வலியில் ஒருநாள் சீக்கிரம் கிளம்பவேண்டியிருந்தபோது சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் விடவில்லை. கையெழுத்து வாங்கிவந்ததும், ஆட்டோவை அவரே நிறுத்தி, தலையணை மாதிரி தன் ஸ்வெட்டரைச் சுருட்டி என் முதுகுக்குப் பின்னால் வைத்து அனுப்பினார். இந்த மனுஷனோடு எந்தக் கணக்கில் சண்டை போடுவது என்று எனக்குக் கடைசிவரை புரிந்ததில்லை.

அந்தக் கேட்டில் அப்பாவுக்கு முறையாக சல்யூட் அடிக்கிற ஆள் ஒருவர்தான். குளிர் அறையில் பெட்டி தூக்குகிற ஒடிசாக்காரர். நாற்பது வயதிருக்கும், அடர்த்தியான மீசை. அப்பா ராணுவத்தில் பழகிய இந்தியில் அவரோடு பேசுவார், நாஷ்டாவுக்குக் கொண்டுபோகும் இட்லியில் பாதியைக் கொடுப்பார். ஒருநாள் மதியம் அந்த ஆள் கேட்டில் வந்து நின்று போனைக் கேட்டதையும், அப்பா தலையை ஆட்டி மறுத்ததையும், அவர் அப்போதும் சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிப் போனதையும் லேப் ஜன்னலிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் எண்ணிக்கை என்று ஒரு பழக்கம் உண்டு. சின்ன வயதில் ஒவ்வொரு ஊராக மாற்றல் வரும்போது, கறுப்பு ட்ரங்க் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக ஏதாவது ஒரு வடநாட்டு ஸ்டேஷனில் ரயில் மாறுவோம். கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று அப்பா ஏற்பாடு செய்தது அது. அவர் "ஒண்ணு" என்பார். அம்மா "ரெண்டு." நான் "மூணு." மூன்றும் வந்ததும் அவர் விசிலில் மூன்று சின்ன ஊதல் ஊதுவார். எல்லாரும் இருக்கிறோம், கிளம்பலாம் என்று அர்த்தம். எல்லா முகத்தையும் கண்ணால் பார்க்காமல் அதை ஊதக்கூடாது என்பது சட்டம். ஒருமுறை அம்மாவுக்கு அவர்மேல் ஏதோ கோபம். "ரெண்டு" சொல்லமாட்டேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பக்கத்திலேயேதான் நிற்கிறாள், புடவைத் தலைப்பு அவர் கைமேல் உரசுகிறது. ஆனாலும் எண்ணிக்கை முடியாமல் ஏறமாட்டேன் என்று நின்றார் அந்த மனுஷன். எங்கள் கண்ணெதிரே ரயில் போய்விட்டது. அடுத்த ரயில் வரும்வரை பெட்டிமேல் உட்கார்ந்து, மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த விசில் மாதிரியே எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். இப்போதும் என் ஸ்கூட்டி சாவியில் தொங்குகிறது. லேபில் அதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை.

குடும்பத்தோடு இருக்கமுடியாத எல்லைப் பகுதிகளில் அவர் இருந்த வருஷங்களில் எண்ணிக்கை போனில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை போனுக்கு முன்னால் அம்மாவும் நானும் குளித்துத் தலைவாரி நிற்போம். அங்கே அவர் பனியில் வரிசையில் நிற்பாராம். ஒருமுறை அவர் முறை வந்தபோது நேரம் முடிந்துவிட்டது என்று போனை மூடிவிட்டார்கள். எனக்கு அப்போது ஜுரம். எவ்வளவோ கேட்டும் ரூல்னா ரூல் என்று சொல்லிவிட்டார்களாம். மற்ற ராணுவக் கதைகளை எல்லாம் நடித்துக் காட்டிச் சொல்கிறவர், இதை மட்டும் சிரிக்காமல் சொல்வார்.

சம்பவம் நடந்தது ஒரு மதியம், சாப்பாட்டு நேரம். லேபில் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் மூக்கு எரிந்தது, அப்புறம் கண். சைரன் அடிப்பதற்குள்ளேயே யாரோ "அமோனியா, ஓடுங்க" என்று கத்தினார்கள். குளிர் அறைகளைக் குளிரவைக்க அந்த வாயு போகும் பெரிய குழாயில் எங்கோ வெடிப்பு விட்டிருந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எல்லாரோடும் கேட் பக்கத்து வேப்பமரத்துக்கு ஓடினேன். காற்று ரோட்டுப் பக்கமிருந்து அடித்ததால் அங்கே மூச்சுவிட முடிந்தது.

அப்பா ஏற்கெனவே பலகையைக் கழற்றி ஸ்டூல்மேல் வைத்து நின்றார். முகத்தில் அவசரமே இல்லை. "ஓடாதீங்க. அவங்கவங்க பில்லைய அவங்கவங்க எடுங்க. அடுத்தவங்களுத எடுக்காதீங்க." இத்தனை நாள் அந்தப் பலகையைத் திட்டிக்கொண்டிருந்த பெண்கள் அழுதுகொண்டே தங்கள் நம்பரைத் தேடி எடுத்தார்கள். நானும் என்னுடையதை எடுத்தேன். அப்பா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். அடுத்த ஆளை வரச்சொல்லிக் கை நீட்டினார். கூட்டம் முழுவதும் எடுத்து முடிந்த பிறகு சிவப்புப் பக்கத்தில் ஒரே ஒரு பில்லை தொங்கியது. அந்த ஒடிசாக்காரருடையது.

அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பதில் இல்லை. குளிர் அறையில் அவரோடு வேலை செய்தவர்கள், சாப்பாட்டு மணி அடித்ததிலிருந்தே அவரைப் பார்க்கவில்லை என்றார்கள். குழாயின் வால்வை மூடிவிட்டு வந்த ஆபரேட்டர் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் தண்ணீர்க் குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். "வால்வை மூடியாச்சு சார். ஆனா உள்ள கேஸ் ரொம்பி நிக்குது. என் முகமூடியில வடிகட்டி தீர்ந்துபோச்சு, இனிமே அது ஒதவாது" என்றார். மிச்சம் ஒரு முகமூடிதான் இருந்தது. தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருக்கிறது, அதுவரை யாரும் போகவேண்டாம் என்றார் மேனேஜர். அப்பா அவரோடு வாதாடவில்லை. மிச்சமிருந்த முகமூடியை எடுத்து வாரை இழுத்துப் பார்த்தார்.

"இது எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று ஆபரேட்டரிடம் கேட்டேன்.

"வெளிய இருக்கிற காத்துல நல்லா தாங்கும்மா. உள்ள இருக்கிற அளவுக்கு... ரொம்ப நேரம் தாங்காது."

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பலர் வீட்டில் கூப்பிடுவதைப்போல நானும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். கம்பெனியில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, அன்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டேன். "நைனா, போவாத நைனா. வண்டி வந்துகினு கீதாம். அம்மாவுக்கு நான் இன்னா சொல்றது?"

"அவன் ஊட்டுலயும் கேப்பாங்க இல்ல" என்றார். தன் போனையும் கேட் சாவியையும் என் கையில் வைத்தார். "நீ கேட்ட பாத்துக்க. ஒருத்தரையும் உள்ள வுடாத. நீயும் வராத." முகமூடியை மாட்டிக்கொண்டு, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனார். ஓடவில்லை. அணிவகுப்பில் நடப்பதுபோல நிமிர்ந்து நடந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. ஓடித் தொலையேன், சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வாயேன் என்று மனசுக்குள் கத்தினேன். ஓடினால் மூச்சு அதிகம் வாங்கும், முகமூடி சீக்கிரம் தீரும் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அவர் போன் என் கையில் அடித்தது. திரையில் 'வீடு' என்று வந்தது. எங்கள் வீடு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், சைரன் அங்கே கேட்டிருக்கும்.

"சைரன் சத்தம் கேக்குதே. நீ எப்பிடிடி அவரு போன எடுக்கிற? அவரு எங்க?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். வாய் வரவில்லை. "ஒரு ஆளக் காணோம்மா. தேடிக்கினு உள்ள போயிருக்காரு."

அம்மா அழவில்லை. "முகமூடி போட்டுகினாரா?" என்றாள். போட்டிருக்கிறார் என்றேன். "சரி. போன வெக்காத. அப்பிடியே கையில வெச்சிகினு நில்லு." அவள் மூச்சு விடுவதும், பின்னால் எங்கோ குக்கர் விசில் அடிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுப்பை அணைக்கக்கூட அவள் நகரவில்லை.

குளிர் அறைக் கட்டிடத்தின் கதவு திறந்தபடி கிடந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அங்கே நான்கு அறைகள். ஒவ்வொன்றிலும் கூரைவரை பெட்டி அடுக்கியிருக்கும். ஒரு ஆள் மயங்கி அவற்றுக்கு நடுவில் விழுந்தால் சந்து சந்தாகப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். அப்பா ஒரு சந்தையும் விடமாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆள் கிடைக்காமல் அவர் திரும்பமாட்டார். எண்ணிக்கை முடியவில்லை என்று ரயிலை விட்ட ஆள் அவர்.

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே, ரோட்டுப் பக்கமிருந்து, ஒரு ஆள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய் நின்றார். அந்த மீசை.

என் கூட நின்ற கேட் காவலாளி பழவேற்காட்டுக்காரர். அவர்தான் முதலில் பார்த்தார். "யோவ்! நீ எப்பிடிய்யா வெளிய கீற?"

அந்த ஆள் கையைக் கையை ஆட்டி ஏதோ சொன்னார். இறால் உரிக்கும் அக்கா ஒருத்திதான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். "ஐஸ் கொட்ற எடத்துக்குப் பின்னாடி மதில் ஒடஞ்சி கீதும்மா. டீ குடிக்கணும்னா அல்லாரும் அப்பிடித்தான் ஏறிக் குதிச்சிப் போவாங்க. இந்தக் கேட்டுல உன் நைனா வுட்டாதானே! ஊருக்கே தெரியும், அவரு ஒருத்தருக்குத்தான் தெரியாது."

உள்ளே யாரும் இல்லை. இல்லாத ஆளை அப்பா தேடிக்கொண்டிருந்தார்.

நான் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "உன்னத் தேடிக்கினு எங்க நைனா உள்ள கீறாருய்யா!" தமிழ் முழுவதும் புரிந்ததோ இல்லையோ, பலகையில் தொங்கிய தன் பில்லையையும் திறந்து கிடந்த கதவையும் பார்த்தார். "சாப்!" என்று கத்திக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தார். முகமூடி கிடையாது, ஒன்றும் கிடையாது. நானும் காவலாளியும் அவரை இழுத்துப் பிடித்துக் கேட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டோம். ஒருத்தரையும் உள்ளே விடாதே என்று சொல்லியிருந்தாரே.

மைக்கில் சொல்லலாம் என்றால் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். அப்பாவின் போன் என் கையில். கத்தினால் அந்தத் தடித்த சுவருக்குள் எட்டாது. அம்மா போனில், "இன்னாடி ஆச்சு, சொல்லித் தொலையேன்" என்று அலறினாள்.

"ஆளு வெளிய கீறாரும்மா. நைனாவுக்குத் தெரியல."

"விசில் வெச்சிருக்கியா?" என்றாள் அம்மா.

சாவிக்கொத்தை லேப் கோட்டுப் பையிலிருந்து உருவினேன். மூன்று சின்ன ஊதல். நிறுத்திக் காது கொடுத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி மூன்று. முகமூடி போட்டவர் பதிலுக்கு ஊதமுடியாது. கேட்டதா, கேட்டும் நம்பவில்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவரை வெளியே வரவைக்க நான் சும்மா ஊதுகிறேன் என்று நினைத்துவிட்டால்? பெற்ற மகள், பயந்துபோயிருக்கிறாள், ஊதுகிறாள் என்று நினைத்துவிட்டு அடுத்த சந்துக்குப் போய்விட்டால்? "நிறுத்தாத. ஊது. ஊதுடி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். உதடு மரத்துப்போகும்வரை ஊதினேன். அந்த ஒடிசாக்காரர் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊதிக்கொண்டே நான் அழுதேன். அழுதால் ஊதமுடியாது என்று அழுகையை நிறுத்தினேன்.

அப்பா திறந்திருந்த கதவு வழியாக வரவில்லை. கட்டிடத்தின் பக்கவாட்டுக் கதவிலிருந்து, சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு விசில் சத்தத்தை நோக்கி வந்தார். கொஞ்ச தூரம் வந்ததும் முகமூடியைப் பிய்த்து எடுத்தார், குனிந்து வாந்தி எடுத்தார். காவலாளி ஓடிப்போய்த் தோள்கொடுத்துக் கூட்டிவந்தார். ஹோஸைத் திறந்து தலைமுதல் கால்வரை தண்ணீர் அடித்தோம். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. இருமி இருமி அவரால் பேசவே முடியவில்லை. நான் அவர் இமையை விரித்துப் பிடிக்க, ஆபரேட்டர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கண் திறக்கமுடிந்ததும் அவர் முதலில் தேடியது அந்த ஆளைத்தான். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். எங்கே போயிருந்தாய் என்று இந்தியில் கேட்டார். ராணுவக் கன்டோன்மென்டுகளில் வளர்ந்ததால் எனக்கு இந்தி தெரியும். அந்த ஆள் கைகூப்பிக்கொண்டு சொன்னது இதுதான்: "மகள்கிட்ட பேசப் போனேன் சாப். இந்த நேரத்துலதான் ஸ்கூல்லேருந்து சாப்பிட வீட்டுக்கு வருவா. டீக்கடையில ஒரு போன் வெச்சிருக்கேன். உங்ககிட்ட கேட்டேன் சாப். ரூல்னு சொன்னீங்க."

அப்பா பலகையை எடுத்து மரத்தில் சாய்த்துவிட்டு, ஈரத்தோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பலகையில் மிச்சமிருந்த அந்தப் பில்லையை வெகுநேரம் பார்த்தார்.

என் கையிலிருந்த போனில் அம்மா கத்துவது கேட்டது. ஸ்பீக்கரைப் போட்டேன். "யாராச்சும் சொல்லுங்களேன்! அவரு வந்தாரா இல்லியா?"

அப்பா தொண்டையைச் செருமினார். குரல் கிழிந்துபோயிருந்தது. "ஒண்ணு" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து "ரெண்டு" என்று வந்தது. அதற்குமேல் அம்மாவால் தாங்கமுடியவில்லை, ஓவென்று அழுதாள். நான் "மூணு" என்றேனா என்பது நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆக்ஸிஜன் வைக்கவேண்டும், உடனே ஏறுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். அப்பா என்னிடமிருந்து போனை வாங்கி, "இருடி, அப்பறமா கூப்புடறேன்" என்று அம்மாவிடம் சொல்லிக் கட் பண்ணினார். அதை அந்த ஆளிடம் நீட்டினார். "டிவியில காட்டிடுவாங்க. அதுக்கு முன்னாடி நீயே கூப்பிட்டு, நல்லா இருக்கேன்னு சொல்லு" என்றார் இந்தியில்.

அந்த ஆள் நம்பரை அமுக்கினார். அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் எடுத்தது. அவர்கள் பாஷை அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆம்புலன்ஸ்காரர் மறுபடியும் கூப்பிட்டார், நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அப்பா ஸ்டூலை விட்டு அசையவில்லை.

"கொஞ்சம் இரும்மா" என்றார். "அவன் பேசி முடிக்கட்டும்."